மணக்குடிச் சேற்றில் பழைய சுனாமியைத் தேடுவது எப்படி

2004 டிசம்பர் 26 காலையில் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மணக்குடியிலும் கொட்டில்பாட்டிலும் குளச்சலிலும் கடல் ஊருக்குள் ஏறியபோது வெறும் தண்ணீர் வரவில்லை. கடலடியிலும் கரையிலும் கிடந்த மணல், சிப்பி, சேறு எல்லாவற்றையும் வாரிக்கொண்டுதான் வந்தது. தண்ணீர் வடிந்தபோது அதில் ஒரு பங்கு உள்ளேயே தங்கிவிட்டது. வீட்டிலும் ரோட்டிலும் தங்கியதை மக்கள் அள்ளிப் போட்டார்கள். உப்பளத்தின் ஓரத்திலும், காயல் சதுப்பிலும், தோப்புக்கு நடுவே இருக்கும் பள்ளங்களிலும் தங்கியதை அள்ள யாருக்கும் அன்றைக்கு நேரமும் இல்லை, தேவையும் இல்லை. அதன் மேல் வருஷா வருஷம் மழைச்சேறு படிந்து மூடியிருந்தால் அந்த மணல் இன்றைக்கும் அங்கே கிடக்க வாய்ப்பு உண்டு. அதற்குக் கீழேயும், இன்னும் பழைய ஒரு மணல் அடுக்கு இருக்கக்கூடும்.

அதை எப்படித் தேடுவது, கிடைத்தால் எப்படிச் சந்தேகப்படுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கல்லூரியில் புவியியலோ நிலவியலோ படிக்கிற பிள்ளைகள், பள்ளி ஆசிரியர்கள், ஊரின் வரலாற்றில் அக்கறை உள்ளவர்கள், யார் வேண்டுமானாலும் இதைச் செய்யலாம். பெரிய கருவி எதுவும் தேவையில்லை. பொறுமை வேண்டும், கிடைக்கிற ஒவ்வொரு மணல் வரியையும் சுனாமி என்று சொல்லிவிடாத கட்டுப்பாடு அதைவிட வேண்டும்.

எதற்கு இந்த வேலை என்று கேட்டால், நம் கரையில் 2004-க்கு முன்னால் இப்படி ஒன்று நடந்ததாக யாருக்குமே நினைவு இல்லை. கடல் உள்வாங்கியபோது கன்னியாகுமரியில் நின்று வேடிக்கை பார்த்தார்கள், ஏனென்றால் அடுத்து என்ன வரும் என்று சொல்ல எந்தப் பாட்டாவுக்கும் தெரிந்திருக்கவில்லை. நிலநடுக்கத்தைப் பதிவு செய்யும் கருவிகள் வந்தே நூற்றுச் சொச்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. இவ்வளவு பெரிய நடுக்கங்களோ பல நூறு ஆண்டுகளுக்கு ஒரு முறை வருபவை. இடைப்பட்ட காலத்தின் கணக்கு மண்ணிலும் கடலடிச் சேற்றிலும் மட்டுமே இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். நிலநடுக்கம் மண்ணில் விடும் தடம் வேறு, சுனாமி விடும் தடம் வேறு. நடுக்கம் நடந்த இடத்துக்குப் பக்கத்தில் நிலமே ஏறும் அல்லது இறங்கும். 2004-ல் நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. வட அந்தமானில் பவளப்பாறைகள் தண்ணீருக்கு மேலே எழும்பி வெயிலில் செத்தன. அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் 1700 ஜனவரி 26 அன்று நடந்த நடுக்கத்தில் காட்டோடு சேர்ந்து நிலம் இறங்கி, மரங்கள் உப்புத்தண்ணீரில் நின்றபடியே செத்துப்போயின. அந்த மொட்டை மரங்களை வைத்தும், ஜப்பானில் அதே சமயம் நடுக்கமே இல்லாமல் வந்து சேர்ந்த ஒரு சுனாமியைப் பற்றிய பழைய எழுத்துகளை வைத்தும்தான் நிலவியலாளர் பிரையன் அட்வாட்டர் முதலானவர்கள் நாள் வரைக்கும் குறித்துச் சொன்னார்கள். நம் மாவட்டத்தில் அந்த வகைத் தடத்தைத் தேடுவது வீண். 2004-ல் பிளந்த கோடு நமக்கு ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. இங்கே நிலம் தாழவும் இல்லை, எழும்பவும் இல்லை. இலங்கையைச் சுற்றி வளைந்து வந்த அலை மட்டும்தான் நம்மை அடித்தது. ஆகவே நாம் தேடுவது சேற்றுக்கு நடுவே கடல் கொண்டுவந்து போட்ட மணல்.

எங்கே தோண்டுவது

கடற்கரையில் தோண்டாதீர்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் நேராகக் கரைக்குத்தான் போகிறார்கள், அங்கே மணலுக்குள் மணலைத் தேடி என்ன கிடைக்கும்? ஆனி, ஆடி மாதத்துக் கடல் நம் மேற்குக் கரையை ஆள் உயரத்துக்கு வெட்டும், மழைக்காலம் முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து நிரப்பும். நூறு வருஷத்து அடுக்கு அங்கே நிற்காது.

உங்களுக்கு வேண்டியது அமைதியான, தாழ்ந்த, சேறு படிகிற இடம். கடலுக்கும் அதற்கும் நடுவே ஒரு மணல்மேடு இருக்க வேண்டும், ஆனால் பெரிய அலை அதைத் தாண்டக்கூடியதாகவும் இருக்க வேண்டும். சாதாரண நாளில் அங்கே கடல் மணல் வர வழியே இருக்கக்கூடாது. இப்படிப்பட்ட இடத்தில் சேற்றுக்கு நடுவே ஒரு மணல் அடுக்கு கிடைத்தால்தான் அது பேசத் தகுந்த விஷயம். தாய்லாந்தின் பிரா தோங் தீவில் கிடைத்ததும் இப்படித்தான். பழைய மணல்மேடுகளுக்கு நடுவிலான சதுப்புப் பள்ளங்களில் கறுத்த சேற்று மண்ணும் வெளுத்த மணலும் மாறி மாறி இருந்தன. மேலே 2004-ன் மணல் 5 முதல் 20 செ.மீ. கனத்தில் கிடந்தது. அதற்கு அடுத்துக் கீழே இருந்த மணல் சுமார் 550 முதல் 700 ஆண்டுகளுக்கு முன் வந்தது என்று 2008-ல் வெளியான ஆய்வு சொன்னது.

நம் மாவட்டத்தில் என்றால் பழையாறு கடலில் சேரும் மணக்குடிக் காயலின் ஓரங்கள், புத்தளம், சாமித்தோப்பு பக்கத்து உப்பளங்களை ஒட்டிய தரிசுகள், ராஜாக்கமங்கலம் பொழிக்கு (கடலில் சேரும் முகத்துக்கு) உள்பக்கம், தேங்காப்பட்டணத்தில் குழித்துறை ஆற்று முகத்துக்குப் பின்னால் உள்ள தாழ்வுகள் ஆகியவற்றை முதலில் பார்க்கலாம். பொழி வாய்க்கு மிக நெருக்கமாகப் போகாதீர்கள், பொழி முறிகிற ஒவ்வொரு தடவையும் அங்கே மணல் ஏறி இறங்கும். கடற்கரையை ஒட்டிய ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டம்) கால்வாயையும் விட்டுவிடுங்கள். கால்வாய் என்பது வெட்டித் தூர்வாரப்பட்ட ஒன்று, அதன் அடியில் அடுக்கு ஒழுங்காக இராது. அதோடு, கொட்டில்பாடு பக்கம் அந்தக் கால்வாயில் எத்தனை உயிர் போனது என்பது ஊருக்குத் தெரியும். சுனாமியில் இறந்தவர்களை மொத்தமாக அடக்கம் செய்த இடங்களும் இந்தக் கரை நெடுக உண்டு. அவை எங்கே என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு அவற்றின் அருகில்கூடப் போகாமல் இருங்கள்.

அனுமதி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தனியார் நிலம் என்றால் உடமைக்காரரிடம் கேளுங்கள், உப்பளம் என்றால் அதை நடத்துகிறவரிடம், அலையாத்திச் செடி இருக்கும் இடம் என்றால் வனத்துறையிடம். மணவாளக்குறிச்சி, மிடாலம் பகுதிக் கறுப்பு மணலை ஒரு பிடிகூட வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். அதில் மோனசைட் இருக்கிறது, அது அணுசக்திச் சட்டத்துக்கு உட்பட்ட கனிமம். கல்லூரிப் பிள்ளைகள் துறைத்தலைவரிடம் கடிதம் வாங்கிக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. ஊர்க் கமிட்டியிலோ பங்குத்தந்தையிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் யாரும் சந்தேகத்தோடு பார்க்க மாட்டார்கள்.

முதலில் ஆட்களிடம் கேளுங்கள்

மண்வெட்டி எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. 2004-ன் தண்ணீர் எங்கே வரை வந்தது, எந்தத் திசையில் வந்தது, எத்தனை அலை, எது பெரியது, வடிந்த பிறகு தரையில் கிடந்தது மணலா சேறா என்று சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அன்றைக்கு நாற்பது வயதில் இருந்தவர்களுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. இன்னும் இருபது, முப்பது வருஷம் போனால் கேட்க ஆள் இருக்காது. இதை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன்; ஒரு குழிகூடத் தோண்டாமல் இதை மட்டும் செய்து எழுதி வைத்தாலும் அது பெரிய வேலைதான்.

கேட்கும் விதம் ஒன்று உண்டு. "அக்கா, அன்னைக்குத் தண்ணி இந்தப் பக்கம் எதுவரை ஏறிச்சு, அந்தத் தென்னையில அடையாளம் ஏதும் நின்னுதா?" என்று இடத்தைப் பற்றிக் கேளுங்கள். யார் போனார்கள், எத்தனை பேர் போனார்கள் என்று நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்களே சொன்னால் குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டுக் கேளுங்கள். பலர் குழந்தைகளைப் பறிகொடுத்தவர்கள்.

சொன்ன இடங்களை ஃபோனில் ஜி.பி.எஸ். புள்ளியாகக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது உங்களிடம் ஒரு வரைபடம் இருக்கிறது: தண்ணீர் இங்கே வரை வந்தது என்று தெரியும், நாள் தெரியும், நேரம் தெரியும். இந்த எல்லைக்குள் 2004-ன் மணல் எப்படித் தங்கியிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துப் பழகிக்கொண்டால்தான் அதைவிடப் பழையதை அடையாளம் காண முடியும். நேராகப் பழையதைத் தேடப் போகிறவர்கள் பெரும்பாலும் வெறும் வெள்ளமண்ணைப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள்.

குழி

காலம் மாசி முதல் சித்திரை வரை. வடகிழக்குப் பருவமழைத் தண்ணீர் வற்றி, இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை இன்னும் தொடங்காத அந்த இடைவெளியில்தான் நிலத்தடி நீர் இறங்கியிருக்கும். மற்ற மாதங்களில் முழங்கால் ஆழத்திலேயே தண்ணீர் ஊறி வந்து குழியின் சுவர் கரைந்துவிடும்.

மண்வெட்டி, கொத்தனார் கரண்டி, அளவு நாடா, பிளாஸ்டிக் கவர்கள், மார்க்கர் பேனா, பத்து மடங்கு காட்டும் கைலென்ஸ், ஒரு சின்ன பாட்டில் வினிகர், கொஞ்சம் தங்கூசி (மீன்பிடிக்கிற நைலான் நரம்பு). கடற்கரை ஊரில் தங்கூசிக்குப் பஞ்சமில்லை. இரண்டு அங்குல அல்லது மூன்று அங்குல பி.வி.சி. பைப் ஒன்றரை மீட்டர் நீளத்தில் இரண்டு மூன்று துண்டுகளும் வேண்டும், ஒரு முனையை அரத்தால் கூராக்கிக்கொள்ளுங்கள்.

குழி இடுப்பளவுக்கு மேல் போக வேண்டாம். மணல் கலந்த மண் எச்சரிக்கை இல்லாமல் சரியும், தனியாக ஒருபோதும் இறங்காதீர்கள். கடலைப் பார்த்த சுவரையும் பக்கச் சுவரையும் கரண்டியால் செங்குத்தாகச் சீவி வழவழப்பாக்குங்கள். மேலிருந்து கீழாகச் சீவினால் மேல் மண் கீழே பூசிக்கொண்டு அடுக்கெல்லாம் ஒன்றாகத் தெரியும். ஆகவே இடமிருந்து வலமாகச் சீவுங்கள். நாடாவைத் தொங்கவிட்டு, நிழல் விழாமல் ஒரு படம் எடுங்கள். பிறகுதான் தொட்டுப் பார்ப்பது.

இப்போது சுவரை மெதுவாகப் படியுங்கள். மேலே வேரும் கருமண்ணும். அப்புறம் கறுப்போ சாம்பலோ ஆன சேறு, விரலில் நசுக்கினால் சோப்பு மாதிரி வழுக்கும். அதன் நடுவே எங்காவது விரல் நரநரக்கிறதா? அங்கே நிறுத்துங்கள். அந்த மணல் வரியின் அடிப்பக்கம் கத்தியால் வெட்டியதுபோல் சட்டென்று தொடங்குகிறதா, இல்லை சேறு கொஞ்சம் கொஞ்சமாக மணலாக மாறுகிறதா என்று பாருங்கள். சுனாமி வேகமாக வந்து பழைய தரையைச் சுரண்டிவிட்டு அதன் மேல் மணலைக் கொட்டுவதால் அடிப்பக்கக் கோடு பெரும்பாலும் கூர்மையாக இருக்கும். சுரண்டிய சேற்றின் சிறு கட்டிகள் மணலுக்குள்ளேயே சிக்கிக் கிடக்கும். சில நாடுகளில் பழைய தரையின் புல் தண்ணீர் போன திசைக்கு மடங்கியபடியே மணலடியில் புதைந்திருப்பதைக்கூடப் பார்த்திருக்கிறார்கள். அடுத்து, அடியில் பருமணல், மேலே போகப் போக நைஸ் மணல், எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய சேற்றுப் படலம் என்று இருக்கிறதா? தேங்கி நின்ற தண்ணீரிலிருந்து கனமானது முதலிலும் லேசானது கடைசியிலும் படிவதால் வரும் வரிசை இது. ஒரு கண்ணாடி பாட்டிலில் காயல் சேறும் கரை மணலும் பாதி போட்டுத் தண்ணீர் விட்டுக் குலுக்கி வைத்தால் அரை மணி நேரத்தில் இந்த வரிசையைக் கண்ணெதிரே பார்க்கலாம், ஆசிரியர்கள் வகுப்பில் இதைக் கட்டாயம் செய்து காட்டுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட அலை உள்ளே வந்திருந்தால் இந்த வரிசை இரண்டு மூன்று தடவை திரும்ப வரும், நடுவில் சேற்றுப் படலத்தோடு.

நம் ஊருக்கே உரிய ஒரு சங்கதி: இங்கே கரை மணலில் இல்மனைட், கார்னெட், சிர்கான் என்ற கனமான தாதுக்கள் எல்லாம் கலந்திருக்கிறது. சாதாரண வெள்ளை மணலின் அடர்த்தி 2.65, கறுப்பான இல்மனைட்டுக்கு 4.7 வாக்கில். அதனால் பொடியான கறுப்பு மணல் பருத்த வெள்ளை மணலோடு சேர்ந்தே அடியில் படியும். அடுக்கின் அடியில் ஒரு கறுப்புக் கோடோ கார்னெட்டின் செம்மையோ தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். மணவாளக்குறிச்சியில் ஒவ்வொரு பருவமழைக் கடலும் இதே கறுப்புக் கோட்டைப் போடுகிறது.

பைப் இறக்குவது குழி தோண்ட முடியாத சதுப்புக்கு. மேலே ஒரு மரக்கட்டையை வைத்து அடித்து இறக்குங்கள். இறங்கியதும் பைப்புக்கு உள்ளே மண் எந்த மட்டத்தில் நிற்கிறது, வெளியே தரை எந்த மட்டத்தில் இருக்கிறது, இரண்டையும் அளந்து எழுதுங்கள், ஏனென்றால் அடிக்கும்போது சேறு அமுங்கும், அந்த அமுக்கம் தெரியாவிட்டால் ஆழக் கணக்கு முழுக்கத் தப்பாகும். பிறகு பைப்பில் தண்ணீர் நிரப்பிக் காற்றுப் புகாமல் மூடியை இறுக்கிவிட்டு ஆட்டி ஆட்டி இழுத்தால் மண் விழாமல் மேலே வரும். வீட்டில் வைத்து ஹாக்ஸா பிளேடால் பைப்பை நெடுக இரண்டு பக்கமும் அறுத்து, உள்ளே இருக்கும் சேற்றைத் தங்கூசியால் இழுத்துப் பிளந்தால் அடுக்கு அப்படியே இரண்டு பாதியாகத் திறக்கும். ஒரு பாதி சோதனைக்கு, மறு பாதியைத் தொடாமல் சுற்றி வையுங்கள்.

ஒரு குழியில் கிடைத்தது எதையும் நிரூபிக்காது. கடலிலிருந்து உள்நாட்டை நோக்கி ஒரே கோட்டில் ஐந்தாறு குழி வேண்டும், அதற்குக் குறுக்கே இன்னும் ஒன்றிரண்டு. ஒவ்வொரு குழியின் தரைமட்டமும் தெரிய வேண்டும். அதற்கு சர்வே கருவி இல்லையென்றால் கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர் லெவல் ட்யூப் போதும், அதை வைத்தே குழிக்குக் குழி மட்டத்தைக் கடத்திக்கொண்டு போகலாம். அதே மணல் எல்லாக் குழியிலும் இருக்கிறதா, உள்ளே போகப் போக மெலிகிறதா, மணிகள் பொடியாகின்றனவா என்று பார்த்தால்தான் கடலிலிருந்து வந்ததா என்று தெரியும்.

சந்தேகப்படுங்கள்

முதல் சந்தேகம் புயலும் கடல் சீற்றமும். 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கியை யாரும் மறக்கவில்லை. கள்ளக்கடல் என்று நாம் சொல்கிற, காற்றே இல்லாமல் தூரத்திலிருந்து வந்து ஏறும் அலையும் மணலை உள்ளே தள்ளும். புயல் மணலுக்கும் சுனாமி மணலுக்கும் வித்தியாசம் சொல்வது பெரிய ஆய்வாளர்களுக்கே கஷ்டமான வேலை. பொதுவாகப் புயல் அலைகள் மணிக்கணக்கில், ஒன்றன் பின் ஒன்றாக ஆயிரக்கணக்கில் அடிப்பதால் மணல் கரையோரத்திலேயே தடிமனாகக் குவிந்து சட்டென்று நின்றுவிடும், வெட்டிப் பார்த்தால் உள்ளே எண்ண முடியாத மெல்லிய வரிகள் இருக்கும். சுனாமியின் மணல் கனம் குறைவாக, பெரும்பாலும் ஓரடிக்குள், ஆனால் வெகுதூரம் உள்ளே விரிப்பாகப் போயிருக்கும், சில அடுக்குகளோடு முடிந்துவிடும். இது பொதுப்போக்கு மட்டுமே, இதற்கு விலக்குகள் உண்டு.

இரண்டாவது, ஆற்று வெள்ளம். 2021 நவம்பரில் மாவட்டமே மிதந்ததே, அப்போது பழையாறும் குழித்துறை ஆறும் கொண்டுவந்த மண் எவ்வளவு! ஆற்று மணலில் செம்மண்ணும் மைக்காத் துகளும் அதிகம், கடல் சிப்பி இருக்காது, அடுக்கு ஆற்றுப் பக்கம் தடித்துக் கடல் பக்கம் மெலியும். முட்டம் பக்கம் தோண்டுகிறவர்கள் தேரி மணலையும் கவனியுங்கள். மழையில் மேட்டிலிருந்து கரைந்து பள்ளத்துக்கு வரும் அந்தச் செம்மணல் சேற்றுக்கு நடுவே அழகான ஒரு வரியாகப் படுத்திருக்கும், கடலுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது.

மூன்றாவது மனிதர்கள். சுனாமிக் குடியிருப்புகள் கட்டும்போது லாரி லாரியாக மண் அடித்து நிரப்பினார்கள். உப்பளப் பாத்திகளை வருஷா வருஷம் மிதித்துச் சமன் செய்கிறார்கள், அதனால் பாத்திக்குள் தோண்டாமல் ஓரத்துத் தரிசில் தோண்ட வேண்டும். செங்கல் துண்டு, ஓடு, ஷாம்பு பாக்கெட் என்று எது கிடைத்தாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மணலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் உறை கிடந்தால் அந்த மணல் அந்த உறைக்குப் பிந்தியது. காசில்லாமல் கிடைக்கிற காலக்கணக்கு அது.

கடலிலிருந்துதான் வந்தது என்று எப்படி உறுதி செய்வது? ஒரு சிட்டிகை மணலில் வினிகர் விட்டால் சிப்பித் துகள் இருக்கும்பட்சத்தில் நுரைக்கும். லென்ஸில் பார்த்தால் குண்டூசித் தலையைவிடச் சிறிதாக, அறை அறையாகச் சுருண்ட வெள்ளைக் கூடுகள் சில கிடைக்கலாம். அவை ஃபோராமினிஃபெரா என்ற கடல் நுண்ணுயிரின் கூடுகள். ஆழக் கடலில் வாழும் வகை நன்னீர்ச் சேற்றில் கிடைத்தால் அது வலுவான சான்று. ஆனால் நம் சதுப்புகளின் புளிப்புச் சேறு பத்தாண்டுகளில், நூற்றாண்டுகளில் சுண்ணாம்புக் கூடுகளைக் கரைத்துவிடும், அதனால் நுரைக்காததாலேயே கடல் மணல் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் டயாட்டம் என்ற நுண்பாசி உதவும், அதன் கூடு சிலிக்கா. அதற்கு நல்ல மைக்ராஸ்கோப் வேண்டும், கல்லூரி ஆய்வகத்தில் கேட்டுப் பாருங்கள்.

ஒன்றுமே கிடைக்காத குழிகள்தான் நிறைய இருக்கும். நண்டு வளை போடும், தென்னை வேர் இறங்கும், அடைமழை நைஸ் மணலைக் கழுவும். தாய்லாந்தில் 2004-க்குப் பிறகு ஆண்டுதோறும் போய்ப் பார்த்தவர்கள் மெல்லிய அடுக்குகள் சில வருஷங்களிலேயே மண்ணோடு கலந்து காணாமல் போனதை எழுதியிருக்கிறார்கள். தண்ணீர் வந்ததை ஊரே பார்த்த இடத்திலும் மணல் இல்லை என்றால் அதையும் எழுதி வையுங்கள், அது முக்கியமான தகவல். மணல் நின்ற இடமும் தண்ணீர் நின்ற இடமும் ஒன்றல்ல என்பதை ஜப்பான் மிகப் பெரிய விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது. செண்டாய் சமவெளி வயல்களுக்கு அடியில் கி.பி. 869-ம் ஆண்டு ஜோகன் சுனாமியின் மணலை 2011-க்கு முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். அதன் மேல் 915-ல் வெடித்த தொவாதா எரிமலையின் சாம்பல் கிடந்ததால் காலம் பற்றிச் சந்தேகமே இல்லை. மணல் எதுவரை கிடக்கிறதோ தண்ணீரும் ஏறக்குறைய அதுவரைதான் வந்திருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். 2011-ல் நேரில் அளந்தபோது கண்ணுக்குத் தெரியும் மணல் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டரில் நின்றுவிட்டது, தண்ணீரோ நாலரை கிலோமீட்டருக்கும் மேல் போயிருந்தது.

கடலுக்கு அடியில்

இந்தப் பகுதியை நாம் வீட்டிலிருந்து செய்ய முடியாது, ஆனால் யாராவது கடலடி மண்ணை வைத்து நிலநடுக்கக் கணக்குச் சொன்னால் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருப்பது நல்லது.

ஆழ்கடல் சரிவுகளில் ஆண்டாண்டாகப் படிந்த சேறு பெரிய நடுக்கத்தில் குலுங்கிச் சரியும். சரிந்த சேறும் மணலும் தண்ணீரோடு கலந்து கனத்த நீரோட்டமாகப் பள்ளத்தாக்குகள் வழியே கீழே பாயும். அது ஓய்ந்து படியும்போது அடியில் பருமணல், மேலே நைஸ் சேறு என்று ஓர் அடுக்கு உருவாகும், அதற்கு டர்பிடைட் என்று பெயர். இப்படி ஓர் ஓட்டம் உண்டு என்பதற்குப் பிரபலமான சான்று 1929 நவம்பர் 18 அன்று கிடைத்தது. கனடாவின் கிராண்ட் பேங்க்ஸ் பக்கம் நிலம் நடுங்கியதும் அருகில் இருந்த கடலடித் தந்திக் கம்பிகள் உடனே அறுந்தன, பிறகு சரிவில் கீழே கிடந்தவை ஒவ்வொன்றாக, பல மணி நேரம் வரைக்கும் வரிசையாக அறுந்துகொண்டே போயின. எந்தக் கம்பி எத்தனை மணிக்குச் செத்தது என்பது தந்தி அலுவலகங்களில் பதிவாகியிருந்ததால் அந்தச் சேற்று ஓட்டத்தின் வேகத்தையே பின்னாளில் கணக்கிட்டார்கள்.

ஆனால் புயலும் வெள்ளமும்கூடச் சரிவைச் சரிய வைக்கும். அப்படியானால் நடுக்கம்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது? இதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. முன்னே சொன்ன அமெரிக்க வடமேற்குக் கரையை ஒட்டிய கஸ்கேடியா கடலடியில் பல பள்ளத்தாக்குகள் ஒன்றாகச் சேரும் இடம் ஒன்று உண்டு. சேர்வதற்கு முன் ஒவ்வொரு கிளையிலும் மசாமா எரிமலைச் சாம்பலுக்கு மேலே, அதாவது சுமார் 7,700 ஆண்டுகளில், 13 டர்பிடைட் அடுக்குகள் இருந்தன. ஒவ்வொரு கிளையும் தனித்தனிக் காரணத்தால் தனித்தனி நேரத்தில் சரிந்திருந்தால், சேர்ந்த பிறகு கீழே எண்ணிக்கை கூடியிருக்க வேண்டும். அங்கேயும் 13-தான். எல்லாக் கிளைகளும் ஒரே நேரத்தில் சரிந்தால் மட்டுமே அது சாத்தியம், அவ்வளவு நீளமான கரையை ஒரே நேரத்தில் குலுக்கப் பெரிய நடுக்கத்தால்தான் முடியும். நிலவியலாளர் ஜான் ஆடம்ஸ் 1990-ல் வைத்த வாதம் இது, கிறிஸ் கோல்ட்ஃபிங்கர் குழு பின்னர் இதைப் பத்தாயிரம் ஆண்டு வரை நீட்டியது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த வாதம் இதுதான். ஆகவே யாராவது ஒரே ஒரு இடத்துச் சேற்றை வைத்துப் பேசினால், பக்கத்துப் பள்ளத்தாக்கில் என்ன இருந்தது என்று கேளுங்கள்.

கன்னியாகுமரிக்குத் தெற்கே நம் மீனவர்கள் போகிற வாட்ஜ் பேங்க் பகுதியில் இதைத் தேட முடியுமா என்றால், கஷ்டம். ஆழம் குறைவு, அலையும் நீரோட்டமும் தரையைப் புரட்டும், இழுவைமடி வேறு உழுதுகொண்டே போகும். அமைதியான ஆழம் வேண்டும், பல ஆயிரம் மீட்டர், கப்பலிலிருந்து கனத்த குழாயை இறக்கி மண்ணெடுக்க வேண்டும். 2011-க்குச் சில மாதங்கள் கழித்து ஜப்பான் அகழியில் ஏழு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் எடுத்த சேற்றின் மேல்பகுதியில் ஃபுகுஷிமா அணு உலையிலிருந்து வந்த சீசியம் இருந்தது. புதிதாகப் படிந்த சேறு என்பதற்கு அதைவிடத் தெளிவான முத்திரை கிடைக்காது.

வயது

மணலுக்கு நேராக வயது பார்ப்பது பெரும்பாலும் கடினம். மணலுக்கு உடனே கீழேயும் உடனே மேலேயும் இருக்கும் சேற்றிலிருந்து இலை, விதை, மரப்பட்டை போன்ற சின்னத் துண்டுகளை எடுத்து ரேடியோ கார்பன் பார்த்தால் அலை வந்த காலம் இரண்டுக்கும் நடுவில் விழும். சிப்பியை அனுப்பாதீர்கள், கடல் தண்ணீரிலேயே பழைய கார்பன் இருப்பதால் சிப்பி தன் உண்மை வயதைவிட நானூறு ஆண்டு வாக்கில் கூட்டிக் காட்டும். மணலுக்குள் கிடக்கும் மரத்துண்டும் நம்பத் தகுந்ததல்ல, அலை எங்கிருந்தோ பழைய கட்டையைத் தூக்கி வந்திருக்கலாம். மணல்மணி கடைசியாக வெளிச்சம் பார்த்தது எப்போது என்று அளக்கும் ஓ.எஸ்.எல். முறையும் உண்டு, அதற்கு இருட்டில், வெளிச்சம் படாத இரும்புக் குழாயில் மண் எடுக்க வேண்டும். அதைத் தெரிந்தவர் கூட இல்லாமல் முயல வேண்டாம். 2004-ன் அடுக்குதானா என்று பார்க்க, சேற்றில் இருக்கும் ஈயம்-210, சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள்களை அளந்தால் போதும்.

ஒன்றுக்கு மேற்பட்ட அடுக்கு கிடைத்தால் சராசரி போட்டு அடுத்தது எப்போது என்று சொல்ல ஆசை வரும். அதைச் செய்யாதீர்கள். இந்தோனேசியாவின் அச்சேயில் ஒரு கடற்குகைக்குள் வௌவால் எச்சமும் சுனாமி மணலும் மாறி மாறிப் படிந்திருந்ததை 2017-ல் வெளியிட்டார்கள். 7,900 முதல் 2,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை 11 சுனாமிகள். சராசரி 450 ஆண்டு என்று வரும், ஆனால் உண்மையில் ஒரு இடைவெளி இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல், வேறொரு சமயம் ஒரே நூற்றாண்டுக்குள் பல. நம் தமிழகக் கரையில் மாமல்லபுரத்தில் சுமார் ஆயிரம் ஆண்டுப் பழமையான கடல் ஏற்றத்தின் அடுக்கை நிலவியலாளர் சி.பி. ராஜேந்திரன் குழு எழுதியிருக்கிறது. அதோடு உங்கள் அடுக்கை ஒப்பிடலாம், ஆனால் காலம் பொருந்துகிறது என்பதற்காகவே அதே அலை என்று சொல்லிவிடாதீர்கள்.

கடைசியாக, ஒவ்வொரு கவரிலும் குழி எண், மேலிருந்து எத்தனை செ.மீ., எந்தப் பக்கம் மேல், தேதி, எடுத்தவர் பெயர் எழுதுங்கள். கவருக்கு உள்ளேயும் ஒரு சீட்டுப் போடுங்கள், மார்க்கர் எழுத்து ஈரத்தில் அழிந்துவிடும். சேற்று மாதிரிகளை ஃபிரிட்ஜில் வையுங்கள், இல்லையென்றால் பூஞ்சை பிடித்துக் கார்பன் கணக்கே மாறும். குழியை அன்றைக்கே மூடிவிடுங்கள், மாடும் பிள்ளைகளும் வருகிற இடம். குறிப்பேட்டின் ஒரு நகலை அந்த ஊர் நூலகத்திலோ பள்ளியிலோ கொடுத்துவிட்டு வாருங்கள், இன்னொன்றை நிலவியல் துறை உள்ள கல்லூரிக்கு அனுப்புங்கள். எதுவும் கிடைக்காத குழிகளின் பக்கங்களையும் சேர்த்தே அனுப்புங்கள்.